கணினியில் ஆறு அட்டை, அலமாரியில் ஒன்றுமில்லை

கேள்வி: சிறு நகரம் ஒன்றில் மருந்துக் கடை நடத்துகிறேன். பில் போடும் மென்பொருளில் மூன்று ஆண்டு விற்பனைத் தரவு சேர்ந்திருக்கிறது. எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது என்று கணித்துச் சொல்லும் மென்பொருளை வாங்கலாமா? இருப்புக் கணக்கு மட்டும் அவ்வப்போது ஒத்துப்போவதில்லை.

பதில்: இப்போது வாங்க வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கடைசி வரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இருப்பு ஐந்து அட்டைக்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்று ஒரு மருந்துக்கு வரம்பு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கணினி ஆறு என்கிறது, அலமாரியில் ஒன்றுமில்லை. ஆறு இருப்பதாக நம்புவதால் கணினி ஆர்டர் கேட்காது. சரக்கு வராததால் விற்பனையும் நடக்காது. விற்பனை நடக்காததால் அந்த ஆறு குறையவும் குறையாது. இதைவிடக் கவலைக்குரியது, கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிய அந்த நாள்களெல்லாம் தரவில் பூஜ்யமாகப் பதிவாவதுதான். கணிக்கும் மென்பொருள் அதைப் படித்துவிட்டு, இந்த மருந்துக்குத் தேவையே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடும்.

இது உங்கள் கடைக்கு மட்டும் உரிய குறை அல்ல. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை ஆராய்ந்த நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் ஆகியோர், அவற்றில் 65 விழுக்காடு உண்மையான இருப்போடு பொருந்தவில்லை என்று 2008-இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 2005-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கங், கெர்ஷ்வின் ஆகியோர், கணக்கில் வராமல் காணாமற்போகும் சரக்கின் மதிப்பைவிட, அதனால் ஏற்படும் தட்டுப்பாட்டில் கைநழுவும் விற்பனை பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும் என்று காட்டியிருந்தனர்.

மருந்துக் கடையில் பிழை நுழையும் வழிகள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. பதினைந்து மாத்திரை கொண்ட அட்டையைப் பத்து என்று பதிவது, வெட்டிக் கொடுத்த நான்கு மாத்திரைகளைப் பில்லில் சேர்க்காமல் விடுவது, பத்துக்கு ஒன்று இலவசமாக வந்த பெட்டியை வரவு வைக்காதது ஆகியவற்றை உங்கள் கல்லாவிலேயே பார்க்கலாம். ஒரே மருந்தின் 650 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு 500 என்று பில் போட்டால், ஒரே தவறில் இரண்டு கணக்குகள் கெடுகின்றன. 500-இன் இருப்பு ஒரு நாள் கழித்தல் குறியோடு வந்து நிற்கும்போது அந்தப் பிழை தானே வெளிப்பட்டுவிடும். 650-இன் பொய் இருப்பு அப்படி எந்த அடையாளமும் காட்டாது. ஆகவே அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடுவதற்கு உங்களிடம் இருக்கும் விற்பனைத் தரவே போதுமானது. நாளொன்றுக்குச் சராசரியாக இருவர் வாங்கும் ஒரு மருந்து மூன்று நாள் தொடர்ந்து விற்கவில்லை, கணினியோ இருப்பு உண்டு என்கிறது என்றால், வாங்குபவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பின்றி வருகிறார்கள் என்று கொண்டால், அது தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பு 400-இல் ஒன்றுதான். அலமாரியைத் திறந்து பாருங்கள். ‘நன்றாக ஓடும் சரக்கு, கணக்கில் இருப்பு உண்டு, விற்பனை இல்லை’ என்ற இந்தப் பட்டியலைத் தினமும் காலையில் எடுத்து, அதோடு வரிசைப்படி வேறு பத்துப் பதினைந்து மருந்துகளையும் எண்ணிச் சரிபாருங்கள். ஆண்டுக்கொரு முறை கடையை மூடி மொத்தமாக எண்ணுவதைவிட இதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பிழை நேர்ந்த சில நாள்களுக்குள் எண்ணினால்தான் அது எப்படி நேர்ந்தது என்பது பணியாளரின் நினைவில் இருக்கும். எண்ணிக்கையைத் திருத்தும்போது காரணத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். அதற்காக யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம், கடிந்துகொண்டால் அடுத்த முறை காரணம் உங்கள் காதுக்கு வராது.

சில மாதங்களில் பொருந்தாத பதிவுகள் கண்கூடாகக் குறைந்த பிறகு மென்பொருள் விற்பவரை அழையுங்கள். சரக்கு இல்லாததால் விற்காத நாளையும், கேட்பவர் இல்லாததால் விற்காத நாளையும் உங்கள் மென்பொருள் எப்படிப் பிரித்தறிகிறது என்று அவரிடம் முதலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், வேறொருவரைப் பாருங்கள்.