கவுன்சில் விதி கடுமை என்றால் பில் குறைந்துவிடுமா?

கேள்வி: இங்கிலாந்தின் பாத் நகரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு புது வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். “இங்கே கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) விதி ரொம்பக் கடுமை, கரண்ட் பில் கம்மியாகத்தான் வரும்” என்கிறார்கள் விற்பனை அலுவலகத்தில். நாட்டுக்கு ஒரு விதி இருக்கும்போது கவுன்சில் தனியாக விதி போட முடியுமா? நம்பி முன்பணம் கட்டலாமா?

பதில்: போட முடியும். தேசியக் கட்டட விதியைவிடக் கூடுதலான ஆற்றல் சிக்கனத்தைக் கேட்கும் அதிகாரத்தை 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்குத் தந்தது. வீடுகள் விஷயத்தில் அதைப் பறிக்க 2015-ல் ஒரு திருத்தம் நிறைவேறியது. ஆனால் அமல்படுத்தப் போவதில்லை என்று 2021-ல் அரசே சொல்லிவிட்டது. பிறகு 2023 டிசம்பரில், கவுன்சில்கள் அதிகம் கேட்பதை விரும்பவில்லை என்று ஓர் அமைச்சர் அறிக்கை. இந்த இழுபறியில் கட்டுநர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

பாத் பற்றி அவர்கள் சொன்னது பொய்யில்லை. 2023 ஜனவரியில் ஏற்கப்பட்ட கவுன்சில் திட்டப்படி, புது வீட்டின் மொத்த ஆற்றல் பயன்பாடு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 40 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டைச் சூடேற்றும் வெப்பத் தேவைக்குத் தனி வரம்பு, 30-க்குள். 80 சதுர மீட்டர் வீடென்றால் மொத்தம் வருடத்துக்கு 3,200 யூனிட். நல்ல கணக்குதான்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா? திட்ட அனுமதி எப்போது கிடைத்தது என்று கேளுங்கள். 2021-ல் அனுமதி வாங்கிய மனையை 2023-ன் கொள்கை கட்டுப்படுத்தாது. தேசிய விதியிலும் இதே கதை. புது விதி வந்த 2022 ஜூன் 15-க்கு முன் விண்ணப்பித்து, 2023 ஜூன் 15-க்குள் வேலை தொடங்கிய வீட்டைப் பழைய விதிப்படியே கட்டி முடிக்கலாம். அதனால் ஒரே தெருவில், ஒரே மாதிரி கதவோடு நிற்கும் இரண்டு வீடுகள் வெவ்வேறு விதிப்படி கட்டியவையாக இருக்கலாம். அனுமதி எண்ணை வாங்கி, கவுன்சில் இணையதளத்தில் நிபந்தனைகளை நீங்களே படித்துப் பாருங்கள்.

கட்டி முடியும்வரை கையில் தருவது உத்தேச மதிப்பீடு மட்டுமே. முடிந்த பிறகுதான் வீட்டின் ஆற்றல் சிக்கனத்தை மதிப்பிடும் இபிசி (EPC) சான்றிதழ். அதில் ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது செலவுக் கணக்கில் தருவது. கூரையில் நிறைய சோலார் போட்டாலே எழுத்து ஏறிவிடும். சூடேற்ற ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற வரியைத் தேடி, தரைப்பரப்பால் வகுத்துப் பாருங்கள். காற்றுக் கசிவுச் சோதனை முடிவையும், புது விதிப்படி கட்டிய வீடென்றால் வெப்பக் காப்புப் பலகை பதித்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள்.

முன்பணமா? கட்டுநர் புது வீட்டுத் தர நெறிமுறையில் (New Homes Quality Code) பதிவு செய்தவர் என்றால், முன்பதிவுக்குப் பின் 14 நாளுக்குள் விலகி முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். அதற்குள் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.