மீன்பிடி தடைக்காலத்துல ரால் (இறால்) கம்பெனி வேல நின்னா தோட்டம் தொரவுல என்ன பண்ணலாம்? கேள்வி பதில்

தூத்துக்குடியில 11 வருஷம் ரால் கம்பெனில உரிக்கிற டேபிள்ல நின்னவ நான், இப்ப காளான் போடுறேன். ஏப்ரல் 15 ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, வளர்ப்பு ரால் வர்ற கம்பெனில மட்டும் கொஞ்சம் வேல ஓடும், மத்தவங்கள வீட்டுல இருக்க சொல்லிருவாங்க. நெறைய பேரு கேட்டிருந்தீங்க, ஒண்ணு ஒண்ணா சொல்றேன்.

திரேஸ்புரத்துல இருந்து: அக்கா, நாளையில இருந்து வேல இல்ல. உடனே காசு வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

உடனே வர்றது எதுவுமே இல்ல தங்கச்சி, அதத்தான் எல்லாருக்கும் சொல்றேன், தடைக்காலம் ஆரம்பிச்சப்புறம் யோசிச்சா அந்த வருஷம் போச்சு. ஏப்ரல் கடைசில கையில காசு வேணும்னா மார்ச்லயே காளான் பெட், அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடைச்ச பை, போட்டிருக்கணும். அதுவும் பால் காளான்தான் போடணும், சிப்பிக் காளான் வேண்டாம். நான் மொத வருஷம் தெரியாம ஏப்ரல்ல சிப்பி போட்டு 40 பெட்டும் பச்சை பூசணம் புடிச்சு அப்படியே குழி வெட்டி புதைச்சேன், அன்னைக்கு அழுத அழுகை இன்னும் நெஞ்சுல இருக்கு. சிப்பிக்கு குளிர்ச்சி வேணும், பால் காளான் 30, 35 டிகிரி வெக்கைலயும் வரும், நம்ம ஊரு கோடைக்கு அதான். வித்து போட்டதுல இருந்து மொத அறுப்புக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு வச்சுக்கோங்க. இப்ப வேல நின்னுருச்சுன்னா இந்த ரெண்டு மாசத்துல பயிற்சி எடுத்துருங்க, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரில விசாரிங்க.

காளான் பெட்டுக்கு வைக்கோல் பதம் எப்படிக்கா பாக்குறது?

ரெண்டு இஞ்சா வெட்டி, ராத்திரி ஊற வச்சு, ஒரு மணி நேரம் வேக வச்சு, சுத்தமான தார்ப்பாய்ல ஆற போடுங்க. ஒரு பிடி எடுத்து இறுக்கி பிழியணும், தண்ணி சொட்ட கூடாது, ஆனா உள்ளங்கை ஈரமாகணும். அதான் பதம். ஒண்ணு சொல்றேன், நமக்கு இது மத்தவங்கள விட சீக்கிரம் வரும், ஏன்னா குளோரின் தண்ணில கைய முக்கிட்டு தொப்பி போட்டு உள்ள போன பழக்கம் நமக்கு இருக்கு, காளானுக்கு பாதி வேல சுத்தம்தான். தரம் பிரிக்கிறது, எடை போட்டு பேக் பண்றதெல்லாம் நம்ம கைக்கு தெரிஞ்ச வேல.

வேம்பார்ல இருந்து: கடல்பாசி வளர்த்தா 45 நாள்ல அறுக்கலாம்னு சொல்றாங்களே?

கணக்கு சரிதான், 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ வித்துப்பாசி கட்டினா நல்லா வந்தா 200 கிலோவுக்கு மேல கிடைக்கும். ஆனா அது ஈர எடை, காஞ்சா பத்துல ஒரு பங்குதான், அத மறந்துட்டு கணக்கு போடாதீங்க. இன்னொண்ணு ஏப்ரல் மே வெயில்ல தண்ணி சூடானா பாசி வெளுத்து அப்படியே உதிர்ந்துரும். எல்லா எடத்துலயும் போட அனுமதியும் கிடையாது, மன்னார் வளைகுடா தீவுகள் பக்கம் பவளப்பாறை இருக்கு, மொதல்ல மீன்வளத்துறைல கேளுங்க. தனியா இறங்காதீங்க, அஞ்சு பேரா குழுவா பண்ணுங்க.

உடன்குடில இருந்து: மாமனார் பனை ஏறுறாரு, நான் கம்பெனிக்கு போறேன். கருப்பட்டி லாபமா?

உங்களுக்கு இத விட நல்ல வேல கிடையாதும்மா, பதநீர் சீசனும் தடைக்காலமும் ஒண்ணா வருது பாருங்க. ஆம்பளைங்க ஏறுவாங்க, காய்ச்சுறது நம்ம கையில. இறக்குன அன்னைக்கே அடுப்புல ஏத்திரணும், வச்சிருந்தா புளிச்சிரும். சுமாரா 8 லிட்டர் காய்ச்சினா 1 கிலோ வரும். பாகை தண்ணில ஒரு சொட்டு விட்டா கரையாம கட்டியா நிக்கணும், அப்ப எறக்கி கிண்டி சிரட்டைல ஊத்துங்க. சீனி மட்டும் கலக்காதீங்க. உடன்குடி கருப்பட்டிக்கு 2023 ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, கலப்படக்காரங்களால அந்த பேரு கெட்டுப்போறத பாக்க வயிறு எரியுது.

ஆடு வாங்கி விடலாமாக்கா?

வாங்குங்க, ஆனா தடைக்கால சாப்பாட்டுக்குனு நம்பி வாங்காதீங்க. சினை 5 மாசம், குட்டி விலைக்கு வர இன்னும் ஆறேழு மாசம். நம்ம பக்கத்து கன்னி ஆடு, கருப்பு உடம்பு மூஞ்சில ரெண்டு வெள்ள கோடு இருக்கும்ல, அது பெரும்பாலும் ரெட்டைக்குட்டி போடும், இந்த வெயிலையும் தாங்கும். ஜூன்ல ஸ்கூல் தொறக்குறப்ப ஒரு குட்டி வித்தா நோட்டு புக்குக்கு ஆகும், அப்படி நெனச்சு வளருங்க.

தடைக்காலத்துக்கு அரசாங்கம் குடுக்குற 8000 ரூபா நிவாரணம் கம்பெனி வேல பாக்குறவங்களுக்கு வருமா?

அது பதிவு பண்ண மீனவ குடும்பத்துக்கு. மீனவ குடும்பம் இல்லாம, கடலோரம் இல்லாத ஊர்ல இருந்து வந்து ரால் உரிக்கிற பொம்பளைங்களுக்கு கிடையாது, வேல போறது ரெண்டு பேருக்கும்தான், எனக்கு இது பெரிய அநியாயமா படுது.

எங்க கிணத்து தண்ணி லேசா உப்பு, முருங்கை போடலாமா?

லேசா எவ்வளவுன்னு நாக்குல பாத்து முடிவு பண்ணாதீங்கண்ணே. ஒரு பாட்டில்ல தண்ணியும் ஒரு பையில மண்ணும் எடுத்துட்டு போய் மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க. சரின்னு சொன்னா பி.கே.எம்.1 ரக முருங்கை வெதைய அக்டோபருக்கு முன்னாடி ஊனிருங்க, ஆறு மாசத்துல காய் வரும், சரியா ஏப்ரல்ல பறிக்கலாம்.