பூவுக்காக அடித்துக்கொள்ளும் அண்டை வீட்டார்: இரண்டு பிரதிகள் ஏன்?

அண்டை வீட்டார் இருவர் ஒரு பூவுக்காகச் சண்டையிடும் படத்தைச் சின்ன வயதில் பார்த்தபோது, ஒருவர் மற்றவரின் மனைவியையும் குழந்தையையும் தாக்கும் காட்சி அதில் இல்லையே, இப்போது கிடைத்த பிரதியில் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் உண்மையான பிரதிகள்தான். அது இயக்குநர் நார்மன் மெக்லாரன் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 1952இல் எடுத்த 'நெய்பர்ஸ்'. அந்தக் காட்சி முதலிலேயே இருந்தது. எதிர்ப்பு வந்ததால் வெட்டினார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் திரும்பச் சேர்த்தார்கள். அதற்குள் அந்தக் காட்சியின் மூல நெகட்டிவ் (பிரதிகள் எடுக்கும் மூலப் படச்சுருள்) போய்விட்டதால் பழைய பிரதியிலிருந்து எடுத்து ஒட்டினார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால், வெட்டிய பிரதியையே போடுங்கள். அதிலும் சண்டை போதுமான அளவு கடுமையாகவே இருக்கும். எட்டு நிமிடப் படம்தான், அதனால் இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். நடிகர்கள் புல்வெளிக்கு மேலே மிதப்பது எப்படி என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும், ஆள் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் ஒரே ஒரு ஃபிரேம் (ஒற்றைப் படம்) எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டினார்கள், அவ்வளவுதான். அப்புறம், தொடக்கத்தில் இருவரும் படிக்கும் செய்தித்தாள்களின் தலைப்புகளைத் தமிழில் சொல்லிவிடுங்கள்: ஒன்றில் 'சமாதானம் இல்லையேல் போர் நிச்சயம்', மற்றதில் 'போர் இல்லையேல் சமாதானம் நிச்சயம்'.