வவுச்சர் கையில், வீடு எங்கே?

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று, அமெரிக்காவில் வீடில்லாமல் தவிக்கும் முன்னாள் படைவீரர்கள் என்ற ஒரே விஷயத்தைத் தொடுகின்றன, அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வாசகி, காரைக்குடி): என் தம்பி ஹூஸ்டனில் நான்கு போர்ஷன் உள்ள கட்டடம் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறான். போன மாதம் ஒரு போர்ஷன் காலியானது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அரசாங்க வவுச்சரோடு வந்து கேட்டாராம். இரண்டு வருடமாகக் காரில்தான் தூங்கினார் என்று கூட வந்த பெண் சொன்னாளாம். தம்பிக்கு மனசு இருக்கிறது, பயமும் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கச் சொல்லுங்கள். பயம் நியாயமானதுதான், அதனால் முதலில் அந்த வவுச்சர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் ஹட்-வாஷ் வவுச்சராக இருக்கும். 1992-இல் சின்ன அளவில் தொடங்கி 2008-க்குப் பிறகு பெரிதாக விரிந்த திட்டம், வீடில்லாமல் போன முன்னாள் படைவீரர்களுக்கென்றே உள்ளது. வாடகைக்கு உதவும் பணம் மத்திய வீட்டு வசதித் துறையிலிருந்து வருகிறது, கூடவே அவருக்குத் துணையாக இருந்து பார்த்துக்கொள்ள கேஸ் மேனேஜர் என்று ஒரு ஆள் முன்னாள் படைவீரர் நலத்துறையிலிருந்து வருகிறார். உங்கள் தம்பியிடம் பேசிய பெண் அந்த கேஸ் மேனேஜராக இருக்கலாம்.

குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுப்பார், மீதியை உள்ளூர் வீட்டு வசதி ஆணையம் மாதாமாதம் நேராக வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடும். அவர் வருமானம் குறைந்தால் அவர் பங்கை மறுபடி கணக்கிட்டுக் குறைப்பார்கள், ஆணையத்தின் பங்கு கூடும். வேலை போய்விட்டது, இரண்டு மாதம் பொறுங்கள் என்று வந்து நிற்கும் சாதாரண வாடகைதாரரிடம் இந்தப் பாதுகாப்பு கிடையாது, தம்பி இதை யோசித்துப் பார்க்கட்டும்.

சிரமமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. குடிவருவதற்கு முன் ஆணையத்திலிருந்து ஆள் வந்து வீட்டைச் சோதிப்பார். புகை அலாரம், வெந்நீர், மின்சாரம், ஜன்னல் கொண்டி எல்லாம் சரியாக இருக்க வேண்டும், ஏதாவது குறை இருந்தால் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும், அதற்குள் வீடு சில நாள் சும்மா கிடக்கும். வாடகையும் அந்தப் பகுதியில் மற்றவர்கள் வாங்கும் அளவில்தான் இருக்கலாம். அப்புறம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெண்ணிடம் அட்வான்ஸ் தொகையை யார் கட்டுவார்கள், சேதம் ஏதாவது ஆனால் ஈடுகட்ட நகரத்தில் நிதி உண்டா, அவர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார், அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிடலாம் என்றெல்லாம் கேட்டுவிடச் சொல்லுங்கள். வவுச்சரில் அட்வான்ஸ் சேராது, ஆனால் அதற்கு உதவ வேறு திட்டம் இருக்கிறது. பல நகரங்களில் சேதத்துக்கென்று தனி நிதியும் வைத்திருக்கிறார்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் தம்பி இருக்கும் ஹூஸ்டன்தான் 2015 ஜூனில், படைவீரர்கள் தெருவில் கிடக்கும் நிலையை நடைமுறையில் முடித்துவிட்டோம் என்று அறிவித்தது. இனி ஒருவரும் வீடிழக்க மாட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை, இழந்தால் சீக்கிரமே ஒரு வீட்டில் சேர்க்க வழி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஐந்து மாதம் முன்பு நியூ ஆர்லியன்ஸ் நகரம் 227 படைவீரர்களை வீடுகளில் சேர்த்துவிட்டு இதே அறிவிப்பைச் செய்தது. அரசாங்கத்திடம் பணம் இருந்தது, வவுச்சர் அச்சாகி வந்தது, ஆனால் வீடு தனியார் கையில் இருந்தது. அந்த ஊர் வீட்டுக்காரர்களும் குடியிருப்பு நிறுவனங்களும் சரி என்று சொன்னதால்தான் அந்த 227 நடந்தது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸில் வவுச்சரை ஏற்றே தீர வேண்டும் என்று மாநிலச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, கெடு முடிந்து திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கல்யாணம் ஆகாத பையனுக்கு வீடு இல்லை என்று சொல்லும் ஊரில் வளர்ந்த நமக்கு அந்த அலைச்சல் புரியும்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): உலகிலேயே ராணுவத்துக்கு அதிகம் செலவழிக்கும் நாட்டில் படைவீரன் ஏன் தெருவில் கிடக்கிறான்? பெரிய கம்பெனிகள் வீடு கட்டித் தருவதெல்லாம் விளம்பரம்தானே?

பதில்: ராணுவத்தில் இருக்கும்வரை தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம் எல்லாம் நடந்துவிடும். வெளியே வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். போரில் பட்ட காயம், தூங்க விடாத நினைவுகள், அதை மறக்கப் பிடித்த குடி, உடைந்த குடும்பம், இதெல்லாம் ஒருபக்கம். சம்பளத்துக்கு எட்டாத வாடகை மறுபக்கம், ஆளைத் தெருவில் தள்ளிவிடுவது பெரும்பாலும் அதுதான். முதலில் குடியை நிறுத்து, அப்புறம் வீடு என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் திருப்பிப் போட்டு, முதலில் வீடு, மற்றதெல்லாம் அதற்குள் இருந்துகொண்டு என்று செய்து காட்டினார். படைவீரர் துறையும் பின்னாளில் அந்த வழிக்கு வந்தது. ஜனவரியில் ஒரே இரவில் நாடு முழுக்க எடுக்கும் கணக்கில், வீடில்லாத படைவீரர்கள் 2010-இல் சுமார் 74,000 பேர், 2024-இல் 32,882 பேர். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முப்பதாயிரம் பேர் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள்.

விளம்பரமா என்றால், ஹோம் டிப்போ மாதிரி பெரிய கட்டடப்பொருள் நிறுவனத்துக்கு நல்ல பெயரும் கிடைக்கத்தான் செய்யும். கிடைக்கட்டுமே. 2011 முதல் அதன் அறக்கட்டளை படைவீரர் வீடுகளுக்கென்றே பணம் ஒதுக்குகிறது, ஊழியர்களும் போய்ச் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுகிறார்கள், கூரை ஒழுக்கை அடைக்கிறார்கள். ஒழுகாத கூரையின் கீழே இருப்பவருக்கு நம் சந்தேகத்தால் ஒரு பயனும் இல்லை. மிஸ்ஸூரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் படைவீரர்களே சேர்ந்து 49 குட்டி வீடுகள் கட்டினார்கள். தனி ஆளுக்கு 240 சதுர அடி, குடும்பத்துக்கு 320. எவ்வளவு காலம் பணியாற்றினாய், எப்படி விடுவிக்கப்பட்டாய் என்று பார்த்து அரசுத் திட்டங்கள் சிலரைக் கழித்துவிடும், இங்கே ராணுவத்தில் சேர்ந்து உறுதிமொழி எடுத்தவர் என்றால் போதும். உள்ளே கட்டிலும் போர்வையும் பாத்திரமும் முன்பே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கேள்வி (வாசகி, திருநெல்வேலி): மகளும் மருமகனும் சான் டியேகோவில் சின்னதாக இட்லிக் கடை நடத்துகிறார்கள். கடை வாசலில் படுக்கும் ஒருவர் ராணுவத்தில் இருந்தவராம். அவர்களே வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள், என்ன செய்ய முடியும்?

பதில்: முதலில் 877-424-3838 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வீடில்லாத படைவீரர்களுக்கென்றே இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கும் எண், அவருக்காக இன்னொருவரும் கூப்பிடலாம். அவரிடம் போன் இருக்காது, கடை போனைக் கொடுக்கலாம். ராணுவத்திலிருந்து விடுவித்ததற்குக் கொடுக்கும் டிடி-214 என்ற தாளைத் தெருவில் தொலைத்திருப்பார், அதற்கு நகல் வாங்க வழி உண்டு, தபால் வர ஒரு முகவரி வேண்டும். அவர் சம்மதித்தால் கடை முகவரியைக் கொடுப்பது சின்ன உதவியில்லை.

வீடு கிடைத்த பிறகும் வேலை முடியாது. சாவி கையில் வந்த முதல் இரவு வெறும் தரையில் படுப்பவர்கள் உண்டு, வவுச்சரில் மெத்தை வராது. உள்ளூர் மெத்தைக் கடை, பழைய சாமான் கடை, வேன் வைத்திருப்பவர் எல்லாரும் அங்கேதான் தேவைப்படுகிறார்கள். இட்லிக் கடையிலிருந்து இரண்டு பாத்திரம், நான்கு தட்டு, ஒரு வாரச் சாப்பாடு போகலாம். பாத்திரம் கழுவ ஆள் தேவைப்படும்போது அவரையே கேட்கலாம், ஆனால் நேரத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ராத்திரி தூக்கமில்லாதவர் காலை ஆறு மணிக்கு வருவது கஷ்டம்.

அவர்கள் இருக்கும் ஊரில்தான் 1988-இல் வியட்நாம் போரில் இருந்தவர்கள் முதல் ஸ்டாண்ட் டவுனை நடத்தினார்கள். சில நாள் கூடாரம் போட்டு, முடிவெட்டு, பல் வைத்தியம், துணி, சாப்பாடு, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கொடுப்பது. மறு வருடம் நீதிபதியே அங்கே வந்து உட்கார்ந்து, தெருவில் படுத்ததற்கும் மற்ற சில்லறைக் குற்றங்களுக்கும் சேர்ந்திருந்த வழக்குகளை முடித்துக் கொடுத்தார். அந்த வழக்கு பாக்கி இருந்தால் வீட்டுக்காரர் விசாரிக்கும்போதே கதவைச் சாத்திவிடுவார். இப்போது நாட்டில் பல ஊர்களில் இது நடக்கிறது. அடுத்தது எப்போது என்று அதே எண்ணில் கேட்டால் சொல்வார்கள், அன்றைக்கு வாசலில் படுத்திருப்பவரையும் மருமகன் தன் வண்டியில் கூட்டிப் போகலாம்.