எண்ணூர்ச் சாம்பல் ஜியோலைட்டில் பாதரசம் ஏன் தங்கவில்லை?

எண்ணூர் அனல்மின் சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) செய்தும், பாதரச ஆவி அப்படியே தப்பிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயாரிப்பில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. தனிமப் பாதரசத்துக்கு மின்னூட்டம் கிடையாது. ஜியோலைட்டோ நேர்மின் அயனிகளைப் பிடிக்கிற பொருள்.

ஜியோலைட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, அதிலுள்ள சோடியத்தின் இடத்தில் வெள்ளியை ஏற்றுங்கள். உலர்த்திச் சூடாக்கினால் நுண்ணிய வெள்ளித் துகள்கள் உருவாகும். பாதரசம் அவற்றோடு சேர்ந்து இரசக்கலவை (பாதரச உலோகக்கலவை) ஆகிவிடும். பிறகு சூடேற்றிப் பாதரசத்தைப் பிரித்து, ஜியோலைட்டை மறுபடியும் பயன்படுத்தலாம். கழுவுவதற்கு வாலைவடிநீர் மட்டும்தான்! நம் வடசென்னை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, வெள்ளியைக் குளோரைடாகப் படியவைத்துவிடும். வெள்ளி விலை கட்டுப்படியாகாவிட்டால் கந்தகம் ஏற்றலாம். ஆனால் பாதரசம் சல்பைடாகிவிடுவதால் மீட்பது சிரமம்.

சோதனைக்கு முன் மாதிரியை நன்றாக உலர்த்தினீர்களா? இந்த ஊர்ப் புழுக்கத்தில் துளைகளிலெல்லாம் ஈரம் குடியேறியிருக்கும். வீட்டு மாடியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். பாதரச ஆவி நஞ்சு.