மிளகு மணக்காத மூக்கு

அன்புள்ள ஐயா,

மெல்போர்னில் ஏழெட்டு வருடங்களாக இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் போன வருடம் இங்கே ஓர் ஒயின் கிளப்பில் சேர்ந்தேன். இந்தப் பருவத்துக்கான நிகழ்ச்சிநிரல் இப்போது வந்திருக்கிறது. ஏப்ரலில் ஹண்டர் பள்ளத்தாக்கு செமிலான் என்ற வெள்ளை ஒயின், புதியதும் பழையதும். மே மாதம் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், அதுவும் வெள்ளைதான். ஜூனில் கிராம்பியன்ஸ் ஷிராஸும் பரோசா ஷிராஸும், இரண்டும் சிவப்பு. ஜூலையில் புட்டிகளைத் துணியால் மூடி, பெயர் சொல்லாமல் ஊற்றுவார்களாம். ஆகஸ்டில் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் பெயர்போன சிவப்பு ஒயினான கிரேஞ்ச். அதற்கு மட்டும் தனிக் கட்டணம். மற்ற நான்கையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது.

போன வருடம் ஒரு ஷிராஸை ஊற்றிவிட்டு எல்லோரும் "மிளகு, மிளகு" என்றார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இத்தனைக்கும் மிளகு ரசம் குடித்து வளர்ந்தவன். இதெல்லாம் காசு உள்ளவர்கள் போடும் நாடகமா, என் மூக்கில்தான் கோளாறா? பணம் கட்டலாமா?

ர., மெல்போர்ன்

*

அன்புள்ள ர.,

நாடகம் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த மிளகு நிஜம். அது தெரியாததால் உங்கள் மூக்கு கெட்டுப்போய்விட்டது என்றும் ஆகாது.

ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிலையத்தார் 2008இல் இதை வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது. முதன்முதலில் அதைக் கண்டறிந்தது கோரைக்கிழங்கில், நலங்குமாவுக்கு இடித்துப் போடுவோமே, அதே கிழங்குதான். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். எல்லா மூக்கும் அல்ல. அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் அளவைப் பல மடங்கு கூட்டிக் கொடுத்தும் அது தெரியவில்லை.

அப்படியானால் மிளகு ரசம்? மிளகின் காரம் பைப்பரின் தருவது, அதை உணர்வது நாக்கு. வாசனையிலும் ரோட்டண்டோன் தவிர வேறு பல பொருள்கள் கலந்திருக்கின்றன. ஆகவே ரோட்டண்டோன் தெரியாத ஒருவர் ஆயுள் முழுக்க மிளகு ரசத்தை ரசித்துக் குடிக்கலாம். நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். அன்று ஊற்றிய ஒயினில் மிளகே குறைவாக இருந்து, முதலில் ஒருவர் சொன்னதை மற்றவர்கள் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் நடப்பதுதான்.

எது என்று பார்க்க ஜூன் மாதம் தோதானது. கிராம்பியன்ஸ் உங்கள் விக்டோரியாவின் மேற்கே இருக்கும் குளிர்ப் பகுதி. குளிரில் பழுக்கும் ஷிராஸின் தோலில் ரோட்டண்டோன் அதிகம் சேரும். பரோசா வெயில் பூமி, அங்கே பொதுவாகக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறிமாறி முகருங்கள். மற்றவர்கள் கிராம்பியன்ஸ் கிளாஸைக் காட்டி மிளகு என்னும்போது உங்களுக்குப் பழ வாசனை மட்டும் வந்தால், அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தால் தலையாட்டிக்கொண்டிருக்கும் இன்னும் ஒன்றிரண்டு பேர் தைரியம் பெறுவார்கள்.

எந்த மாலைக்குப் போவது என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: கிளாஸுக்குக் கிளாஸ் ஒரே ஒரு விஷயம் மாற வேண்டும், மற்றதெல்லாம் கூடுமானவரை அப்படியே இருக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் கிளப் போட்டிருப்பதிலேயே சிறந்தது ஏப்ரல். ஹண்டர் செமிலானைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள், ஆல்கஹால் பத்து, பதினொரு சதவீதம்தான் இருக்கும். ஓக் பீப்பாய் பக்கம் பெரும்பாலும் போகாது. புதிதில் எலுமிச்சைச் சாறு மாதிரி வெடுக்கென்று இருக்கும், பலருக்குப் பிடிக்காது. பத்து வருடம் கிடந்தால் வாட்டிய ரொட்டியும் தேனுமாக மணக்கும். பீப்பாய் மரம் எதையும் தரவில்லை, அத்தனையும் புட்டிக்குள் வயதானதால் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து குடித்தவருக்கு, வயது ஒயினை என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டாம்.

மே மாத ரீஸ்லிங்கில் பழைய புட்டி ஏதாவது வந்தால் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று வைத்துவிடாதீர்கள், அது அதன் குணம்.

ஜூலை, புட்டிகளைத் துணியால் மூடி ஊற்றும் அந்த மாலை, கட்டாயம். உங்கள் நாடகச் சந்தேகத்துக்கு ஆதாரமே உண்டு. பிரான்சில் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு. சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். நிறமே அப்படி ஆட்டுவிக்கும் என்றால் லேபிள் என்ன செய்யும்!

அதனால்தான் ஆகஸ்டை விட்டுவிடலாம் என்கிறேன். கிரேஞ்சின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பென்ஃபோல்ட்ஸின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் 1951இல் சோதனையாகச் செய்து பார்த்த ஒயின் அது. ருசி பார்த்த பெரிய மனிதர்கள் கேலி செய்தார்கள். நசுக்கிய எறும்பு மாதிரி இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னாராம். 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. மனிதர் மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டே இருந்தார். பழைய புட்டிகள் பக்குவப்பட்ட பிறகு சேதி மாறி, 1960இல் மறுபடி அனுமதி கிடைத்தது. அன்று எறும்பு என்று கேலி பேசியது போய், இன்று பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பயபக்தியில் சொந்த மூக்கு எங்கே வேலை செய்யும்? தவிர, கிரேஞ்சுக்குப் பல ஊர்த் திராட்சையைக் கலப்பார்கள், அந்தக் கலவையும் வருடத்துக்கு வருடம் மாறும். வெவ்வேறு வருடப் புட்டிகளை வரிசையாக ஊற்றினால் எதனால் எது மாறியது என்று பிடிபடாது. இன்னும் இரண்டு மூன்று வருடம் பழகிவிட்டுப் போங்கள்.

நான்குக்கும் கட்டிவிடுங்கள். போகும்போது அத்தர், சென்ட் எதுவும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் கெடுக்கும். வாளி வைத்திருப்பார்கள், ருசி பார்த்துவிட்டு அதில் துப்புங்கள். சபையில் துப்பக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறேழு ஒயினை விழுங்கிவிட்டால் கடைசி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விக்டோரியாவில் கார் ஓட்ட ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் என்ற வரம்பும் இருக்கிறது. கூச்சம் போகவில்லையென்றால் டிராமில் போய்விட்டு வாருங்கள்.