வெண்புள்ளிக்கு லேசரா, லைட்டா, க்ரீமா?

வண்டிப்பெரியாறில் கொழுந்து எடுக்கும் 34 வயதுச் சகோதரி ஒருவரின் கேள்வி: “நெற்றியிலும் விரல் நுனியிலும் வெண்புள்ளி, ஆறு மாதமாகப் பரவுகிறது. தேனி டாக்டர் லைட் என்கிறார், கோட்டயம் டாக்டர் லேசர் என்கிறார். க்ரீம் மட்டும் போதாதா?”

பரவும் நேரத்தில் க்ரீம் மட்டும் போதாதும்மா. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறம் தரும் செல்களைத் தாக்குவதால் வருவது இது. டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு க்ரீம்கள் அந்தத் தாக்குதலைத் தணிக்கும். முடிவேரில் மிச்சமிருக்கும் செல்களைத் தூண்டி மேலே கொண்டுவருவது ஒளி. அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தருகிறோம்.

இரண்டு டாக்டர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுமே புற ஊதா ஒளிதான்: நேரோபேண்ட் யுவிபி லைட்டின் அலைநீளம் 311 நானோமீட்டர், எக்ஸைமர் லேசருக்கு 308. லைட் உடம்பு முழுக்கப் படும். லேசர் சின்ன இடத்துக்கு. உங்களுக்குப் பரவுவதால் லைட்டில் தொடங்குங்கள். நெற்றியில் மிச்சம் நின்றால் அப்புறம் எக்ஸைமர். தோலில் நுண்துளை போடும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இப்போது வேண்டாம், காயம் பட்ட இடத்திலேயே புதுப்புள்ளி வரலாம். பரவுவதை நிறுத்த, வாரம் 2 நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை தருவதுண்டு. அது டாக்டர் முடிவு.

லைட் வாரம் 2 அல்லது 3 முறை, குறைந்தது 6 மாதம். பலர் நடுவில் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். குமுளி மலையிறங்கித் தேனி போவது சுலபமா, கோட்டயம் சுலபமா? விடாமல் போக முடிகிற ஊரைத் தேர்ந்தெடுங்கள். க்ரீமை இரவில் பூசுங்கள், லைட்டுக்குப் போகும் முன் வேண்டாம். மறுநாள் வரை லேசாகச் சிவந்தால் பயமில்லை. கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெற்றியில் முதலில் முடிக்கால்களைச் சுற்றிக் கடுகு போலப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அதுதான் நல்ல அறிகுறி. புள்ளிக்குள் முடியும் வெளுத்திருந்தால் தாமதமாகும். விரல் நுனியில் நிறம் திரும்புவது கடினம், இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுப் பொட்டு வைப்பீர்களா? சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனமே நிறத்தை அழிக்கும். இன்றே விடுங்கள். ரப்பர் கையுறை, ரப்பர் செருப்பு படும் இடங்களையும் கவனியுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

கார்போக அரிசி என்ற நாட்டு மருந்து விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னால் செய்யாதீர்கள். அதிலுள்ள சோராலென் வெயிலோடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும், அதன்மேல் லைட்டும் எடுத்தால் இன்னும் மோசம்.